சின்னராசாவுக்கு அடுத்த பெயர்

எங்கள் கலாசாலை வாட்ஸ்அப் குழுவில் காலையில் போன் ஒருமுறை கிணுங்கினால் அது யாரோ அனுப்பிய பூப்படம். நாலைந்து முறை அடுத்தடுத்துக் கிணுங்கினால் யாரோ போய்விட்டார்கள். கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள், யார் யார் வருத்தமாய்க் கிடக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிவிடுவேன். குழுவை நடத்துகிற நல்லதம்பி முதலில் செத்தவரின் படத்தைப் போட்டு, கீழே "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதுவார். பிறகு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழும். ஒருமுறை யாரோ அவசரத்தில் கட்டைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பிவிட்டார்கள். செத்ததற்குப் பாராட்டுச் சொன்னதுபோல நாள் முழுக்க அது அங்கேயே கிடந்தது. எங்கள் வயதுக்காரர்களின் கையில் போனைக் கொடுத்ததே பிழை.

போன வைகாசியில் ஒரு காலை அது அப்படிக் கிணுங்கவில்லை. நல்லதம்பி நேரே எனக்குப் போன் எடுத்தார்.

"சிவலட்சுமி, குழுவில போட முதல் உமக்குச் சொல்லவேணும் எண்டு எடுத்தனான். இராசமலர் போயிட்டா."

நான் பூவரசங்குளத்தில் என் வீட்டுக் குசினிக்குள் நின்றேன். அடுப்பில் பால். முதல் நாள் பின்னேரம்தான் இராசமலர் என்னோடு அரைமணி நேரம் கதைத்தாள். மருமகள் கறிக்குத் தூள் காணாமல் குறைத்துப் போடுகிறாள் என்பது குற்றச்சாட்டு. நானும் சீனி வருத்தக்காரிக்கு வாய் நீளக்கூடாது என்று ஏசிவிட்டுத்தான் போனை வைத்தேன். விடியப்புறம் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தாளாம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பால் பொங்கி அடுப்பு நனைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இராசமலர் எனக்கு யார் என்பதைச் சொல்ல வேண்டும். எண்பத்தோராம் ஆண்டு நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது என் வீட்டார் மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. விடுதியில் சில பெட்டைகள் என் முன்னால் நல்லாகச் சிரிப்பார்கள், நான் குடித்த குவளையை மட்டும் தொடமாட்டார்கள். வயல் வைத்திருந்த உருத்திரபுரத்துக் கமக்காரர் வீட்டுப் பிள்ளையான இராசமலர் முதல் நாளே என் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்து, "இந்தச் சம்பல் ஆர் இடிச்சது?" என்று கேட்டு, முழுவதையும் தின்றுவிட்டாள். எனக்குப் பசி. கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது. அன்றிலிருந்து நாங்கள் ஒன்று.

சின்னராசாவும் எங்கள் அணிதான். முள்ளியவளைக்காரர். எங்கே கண்ணாடி கண்டாலும் நின்று தலை இழுக்கிற மனிதர், அதனால் வகுப்புக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. விரிவுரையாளர் வரவு இடாப்புக் கூப்பிடும்போது "சின்னராசா" என்பார். பதில் வராது. ஒருநாள் பெண்கள் பக்கத்திலிருந்து, "வருவார் சேர்" என்று ஒரு குரல் கேட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. இராசமலர் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். காது இரண்டும் சிவந்துபோய் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தினமும் அவர் பெயர் வந்தால் முழு வகுப்பும் அவளைப் பார்க்கும், அவளும் தலையை நிமிர்த்தி, "வருவார் சேர்" என்பாள். இடாப்பில் அடுத்த பெயர் என்னுடையது. சிரிப்பு அடங்க முதல், "வந்திருக்கிறன் சேர்" என்று நான் கத்தவேண்டும். அந்தப் பாவத்தை இரண்டு வருடம் அனுபவித்தேன்.

அவர்களுடைய கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை பிந்தித்தான் வந்தார். ஐயர் வாய்விட்டே ஏசினார்.

பிறகு நடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் நீட்டிச் சொல்வதில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் முள்ளிவாய்க்காலிலிருந்து சனம் வெளியே வந்த நாளில் இவர்கள் மூன்று பேரும் அந்தச் சனத்துக்குள் நடந்தார்கள். மகன் அனோஜன் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். அவனுக்குத் தண்ணீர் விடாய். "நீங்கள் முன்னால நடவுங்கோ, நான் தண்ணி எடுத்துக்கொண்டு பின்னால வாறன்" என்று சொல்லி, ஒரு பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு சின்னராசா திரும்பினார். அவ்வளவுதான். அவரைச் செத்துக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை.

இராசமலர் முகாம் முகாமாகத் தேடினாள். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினாள். கிளிநொச்சியில் றோட்டோரக் கொட்டிலில் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்றப் பெண்களோடு இருந்தாள். "அவர் எப்பவும் பிந்தித்தானே சிவா வாறவர்" என்று முதல் வருடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகும் அதையேதான் சொன்னாள், சிரிக்கவில்லை. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மஞ்சள் கயிறும் அப்படியே இருந்தன. தாலிக்கொடியை யுத்தத்துக்குள் அரிசிக்கு விற்றிருந்தாள்.

என் மனுசன் நோய் வருத்தத்தில் செத்தபோது அவள் வவுனியா பஸ்ஸில் இடிபட்டு வந்து, எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை என்னோடு நின்றாள். பொட்டு இல்லாத என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உனக்கு அழ ஒரு நாள் இருக்கு சிவா. எனக்கு அதுகும் இல்லை" என்றாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கட்டிப்பிடித்தேன்.

யுத்தம் முடிந்து சனம் மூச்சுவிடத் தொடங்கிய பிறகு நல்லதம்பி எங்கள் ஒன்றுகூடலை ஆரம்பித்தார். தைப்பொங்கல் முடிந்த கிழமை, கிளிநொச்சியில் அவர் வீட்டு விறாந்தையில். நல்லதம்பி கலாசாலையில் வகுப்புத் தலைவராக இருந்தவர், இன்றைக்கும் அந்தப் பதவியை விட்டு இறங்காதவர். சாப்பாட்டுக்கு முதல் எழுந்து நின்று பழைய இடாப்பைக் கூப்பிடுவார். கையில் ஒரு துண்டும் இருக்காது, எல்லாம் பாடம். வந்தவர் வந்திருக்கிறன் என்று சொல்லவேண்டும். வராதவருக்கு, கனடா, அவுஸ்திரேலியா, மூட்டு வலி என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். பதில் ஒன்றும் வராவிட்டால் அவர் செத்துப்போனார் என்று அர்த்தம். நல்லதம்பி ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். வருடம் போகப் போக அவர் நிற்கிற இடங்கள் கூடிக்கொண்டு வந்தன.

"சின்னராசா" என்பார்.

"வருவார்" என்பாள் இராசமலர்.

யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாரும் முற்றத்தைப் பார்ப்போம். அடுத்து என் பெயர். என் குரல் ஒரு வருடமும் சரியாக வந்ததில்லை.

போன வருடத் தையில் ஒரு பிழை நடந்தது. செத்தவர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று நல்லதம்பி பெரிய பதாகை ஒன்று அடித்து விறாந்தைச் சுவரில் கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் "அமரர்" என்று போட்டுப் பெயர். அச்சடித்த கடைக்காரப் பெடியனுக்குப் படங்களை மொத்தமாகக் கொடுத்தாராம். இப்போது இல்லாதவர்கள் என்று சொல்லிக் கொடுத்தாராம். சின்னராசாவும் இப்போது இல்லாதவர்தானே என்று அவருடைய புத்திக்குப் பட்டிருக்கிறது. எங்கள் அணியில் அதிக புள்ளி எடுத்தவர் நல்லதம்பி.

அதை வந்து கண்டு, கழற்றச் சொல்லி நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே இராசமலர் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். கையில் வழமைபோலப் பயத்தம் பணியார வாளி. வாளியை மேசையில் வைத்தாள். பதாகையைப் பார்த்தாள். முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், தெரிந்தவர்களிடம் சுகம் விசாரிப்பதுபோல. சின்னராசாவின் படத்தில் நின்றாள்.

"நல்லதம்பி, கத்தரிக்கோல் இருக்கோ?"

நல்லதம்பி உள்ளே போய் எடுத்து வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். சீனி வருத்தத்தில் கால் இரண்டும் வீங்கின மனுசி. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் படத்தையும் கீழே இருந்த பெயரையும் சேர்த்து நாலு பக்கமும் நேராக வெட்டி எடுத்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பதாகையில் சதுரமாக ஒரு ஓட்டை விழுந்து, அதற்குள்ளால் நல்லதம்பி வீட்டுச் சுவரின் பச்சைப் பூச்சு தெரிந்தது.

"மன்னிச்சுக்கொள்ளும் இராசமலர்" என்றார் நல்லதம்பி.

"அவர் வந்தால் நீர்தான் அவருக்கு மறுமொழி சொல்லவேணும்" என்றாள். "பணியாரத்தை எடுத்து எல்லாருக்கும் குடும். ஆறினால் கல்லாப் போகும்."

அன்றும் இடாப்பில் அவர் பெயர் வந்தபோது, எல்லா வருடத்தையும் விடக் கொஞ்சம் பலமாக, "வருவார்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

வைகாசியில் இராசமலரின் செத்தவீட்டுக்கு நான் பஸ்ஸில் போகும்போது நல்லதம்பி திரும்பவும் போன் எடுத்தார். நோட்டீஸ் அடிக்கக் கடையில் நிற்கிறாராம். எங்கள் பக்க வழமைப்படி மரண அறிவித்தலில் தாய் தகப்பன், புருசன், பிள்ளைகள் எல்லாரையும் போடவேண்டும். உயிரோடு இல்லாதவரின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று வரும்.

"சின்னராசாவுக்கு முன்னால என்ன போடுறது, சிவலட்சுமி? மகன் காலஞ்சென்ற எண்டு போடச் சொல்லுறான். எனக்குக் கை வருகுதில்லை. அண்டைக்குப் பட்டது போதும்."

"ஒண்டும் போடாதேயும். சின்னராசாவின் அன்பு மனைவி. அவ்வளவுதான்."

"மகன்?"

"நான் அவனோட கதைக்கிறன்."

வாய்ச் சொல்லுக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். ஏ9 வீதி முழுக்க, என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தேன்.

உருத்திரபுரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே இராசமலரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சும்மா ஒரு வெள்ளைச் சேலை. தலைமாட்டில் அயலட்டைப் பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு வடிவம்மா என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"ரீச்சர், பொட்டு வைக்கிறதோ விடுறதோ? கூறை உடுத்துறதோ? ஆராவது ஒண்டு சொல்லுங்கோ. நேரம் போகுது."

புருசன் இருக்கச் செத்தவள் என்றால் கல்யாணக் கூறைச்சேலையும் குங்குமமும். விதவை என்றால் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் செத்தவளை எப்படி அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வழமையில் அதற்கு இடமே வைக்கவில்லை. அவளுடைய கூறையும் இல்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் பங்கருக்கு அடுக்க மண்மூட்டை போதாமல், வீட்டில் இருந்த சேலைகளை எல்லாம் மூட்டையாகத் தைத்தார்கள். கூறையையும் தைத்தவர் சின்னராசாதான் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அனோஜன் வாசலில் நின்றான். முப்பது வயது தாண்டிவிட்டது. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"பொட்டு வேண்டாம் அன்ரி" என்றான். "அப்பா இல்லை. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்."

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"ஆடி அமாவாசைக்கு என்னோட படிச்ச பெடியள் தேப்பனுக்கு விரதம் பிடிப்பாங்கள். எங்கட வீட்டில அண்டைக்கு அம்மா வேணுமெண்டு மீன் வாங்குவா. நான் சாப்பிடுமட்டும் பக்கத்தில இருந்து பாப்பா. நான் திண்டால்தான் அப்பா உயிரோட இருக்கிறார். ஒவ்வொரு வருசமும் அந்த மீனைத் திண்டனான் அன்ரி. ஒரு வாய் கூட இறங்காது."

அந்த மீன் கதையை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. தூள் காணாத கறியைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னவள்.

"அம்மான்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோட அப்பாவுக்கும் சேர்த்துச் செய்து முடிக்கப்போறன்" என்றான். "எனக்குக் களைச்சுப் போச்சு."

அவன் கேட்டது நியாயம். கிடந்தவள் கேட்டதும் நியாயம். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. தண்ணீர்க் கானோடு போன அந்த மனிதர் மேலும் வந்தது.

"நீ செய்யடா தம்பி. அமாவாசைக்கு விரதம் பிடி, தேப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய். ஆரும் உன்னைத் தடுக்க ஏலாது. ஆனா அது உன்ர விசயம். இண்டைக்குப் போறவ உன்ர அம்மா. அவவுக்கு நேற்று ராத்திரியும் புருசன் இருந்தவர். அதை நாங்கள் செத்தபிறகு பறிக்கிறதோ?"

அவன் மனைவியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவள் சந்தைக் கடையிலிருந்து சிவப்புச் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். வடிவம்மா உடுத்தினாள். குங்குமத்துக்கு வந்தபோது கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள்.

"எனக்குப் பயமாக் கிடக்கு ரீச்சர். அவர் இல்லையெண்டால் பிழையெல்லோ."

மற்றப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வைக்க எனக்குக் கை துடித்தது. ஆனால் நான் விதவை. நான் வைத்தால், அவளையும் என்னோடு சேர்த்துவிட்டேன் என்று சனம் சொல்லும். குங்குமச் செப்பு தலைமாட்டில் திறந்தபடி இருந்தது.

அனோஜன்தான் வந்து குனிந்தான். விரலால் தொட்டுத் தாயின் நெற்றியில் வைத்தான். அவனுக்குப் பழக்கமில்லை, பொட்டு ஒரு பக்கம் இழுபட்டுவிட்டது. சரி பண்ணப் பார்த்து இன்னும் பெரிதாக்கினான். பிறகு, "அம்மா, சரியோ? சரியோ அம்மா?" என்று கேட்டுக்கொண்டு அவள் நெஞ்சில் தலையைப் போட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதான். நாங்கள் யாரும் அவனைத் தூக்கவில்லை. அழட்டும் என்று விட்டோம்.

ஆடி அமாவாசை அன்று மத்தியானம் அவனிடமிருந்து போன் வந்தது. முல்லைத்தீவுக் கடலில் முழுகித் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்தானாம். மனைவி விரதச் சமையல் செய்து, அந்த விரதத்துக்கு வழமையான காத்தோட்டிக்காயும் பொரித்தாளாம்.

"சரியான கைப்பு அன்ரி."

"கைக்கத்தான் செய்யும். சாப்பிடு."

"சாப்பிட்டிட்டன்" என்றான்.

இந்தத் தையில் ஒன்றுகூடலுக்குப் போக எனக்கு மனமில்லை. போகாவிட்டால் யாராவது "மூட்டு வலி" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ரோசத்தில் வெளிக்கிட்டேன். நல்லதம்பி புதிய பதாகை அடிக்கவில்லை. பழையதையே கட்டி, கடைசி வரிசையில் இராசமலரின் படத்தை ஒட்டியிருந்தார். ஓட்டை அப்படியே இருந்தது. மேசையில் கடைப் பணியாரம். ஒருவரும் தொடவில்லை.

நல்லதம்பி எழுந்து நின்று இடாப்பைத் தொடங்கினார். "இராசமலர்" என்றபோது அவர் நின்றது ஒரு மூச்சுக்கு மேல். பிறகு வேறு பெயர்கள். கனடா. மூட்டு வலி. ஒருவர் இருமிக்கொண்டே வந்திருக்கிறன் என்றார். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். வரும்போது பஸ்ஸில் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"சின்னராசா" என்றார் நல்லதம்பி.

என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல். நாற்பத்து நாலு வருடமாக என் காதுக்குப் பக்கத்தில் கேட்ட சொல். அது எனக்கு வரவில்லை. நம்பினவளுக்குத்தான் அது வரும். எனக்கு அந்தக் கடலும், காத்தோட்டிக்காயும், நெற்றியில் இழுபட்ட பொட்டும்தான் வந்தன.

நல்லதம்பி காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்குச் சின்னராசா அன்றைக்குத்தான் செத்தார்.

"சிவலட்சுமி" என்றார்.

"வந்திருக்கிறன்" என்றேன்.